இணையக் கடையின் பின்வாசல்: எஃப்டிபி நெறிமுறையும் கையால் ஏற்றிய கோப்புகளும்

கோப்புப் பரிமாற்ற நெறிமுறை என்பது ஒரு கணினியில் உள்ள கோப்பை வலையமைப்பின் வழியாக இன்னொரு கணினியில் கொண்டுபோய் வைப்பதற்கும், அங்கிருந்து எடுத்து வருவதற்குமான விதிகளின் தொகுப்பு ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்டிபி என்று அழைக்கப்படுகிறது. இதன் முதல் வரைவு 1971 ஆம் ஆண்டு வெளிவந்தது. உலகளாவிய வலை அப்போது பிறக்கவில்லை. அது வர இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தன. ஆயினும் வலையில் கடை நடத்தியவர்களுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது இந்தப் பழைய நெறிமுறைதான்.

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஒருவர் புளியும் கேழ்வரகு மாவும் விற்க இணையத்தில் கடை திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கடை அவருடையது. ஆனால் அந்தக் கடை இருக்கும் கணினி கம்பைநல்லூரில் இல்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு தரவு மையத்தில், ஆண்டு வாடகைக்கு எடுத்த வழங்கி ஒன்றின் சிறு மூலையில் அது இருக்கிறது. கடையின் முகப்பை மாற்றுவதற்கோ, பணம் பெறும் வசதியைச் சேர்ப்பதற்கோ, விலைப்பட்டியலைத் தமிழில் காட்டுவதற்கோ உரிய கோப்புகளை அந்த மூலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் வருவது முன்வாசல் வழியாக. கடைக்காரர் சரக்கிறக்கும் பின்வாசலாக எஃப்டிபி இருந்தது. அந்த வாசலின் சாவி யாரிடம் இருந்தது என்பதே பல கடைகளின் கதையை முடிவு செய்தது.

அலகாபாத்திலிருந்து வந்த மாணவர்

எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். 1944 ஆம் ஆண்டு அலகாபாத்தில் பிறந்த இவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர். 1960 முதல் 1965 வரை அங்கு மின்பொறியியல் படித்தார். அக்கழகத்துக்கு 1963 ஆம் ஆண்டு அமெரிக்க உதவித் திட்டத்தின் மூலம் ஐபிஎம் 1620 என்ற கணினி வந்து சேர்ந்தது. இந்தியக் கல்வி நிலையங்களில் கணினி என்பதே அரிதாக இருந்த காலம் அது. பின்னர் பூஷண் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மேற்படிப்புக்காகச் சென்றார்.

அங்கே அவர் காலடி வைத்த நேரத்தில் அர்ப்பாநெட் என்ற வலையமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரு நிலையங்களுக்கு இடையே அனுப்பப்பட்டது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைந்து அதை இயக்குவது விரைவிலேயே கைகூடியது. கோப்புகளைக் கொண்டுவருவது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு நிறுவனத்தின் கணினி 36 பிட்டுகளை ஒரு சொல்லாகக் கொள்ளும். இன்னொன்று 32 பிட்டுகளை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையும் கணினிக்குக் கணினி மாறும். அடைவுகளுக்குப் பெயரிடும் வழக்கமும் வேறு. ஒரு மரக்காலில் அளந்த தானியத்தை அளவே தெரியாத வேறொரு படியில் அளந்து வாங்குவது போன்ற குழப்பம் அது.

1971 ஏப்ரல் 16 என்று நாளிடப்பட்ட ஆர்எஃப்சி 114 ஆவணத்தில் பூஷண் தம் தீர்வை முன்வைத்தார். ஆர்எஃப்சி என்பது கருத்துக் கேட்பு ஆவணம். ஒருவர் யோசனையை எழுதிச் சுற்றுக்கு விடுவார். மற்றவர்கள் திருத்தம் சொல்வார்கள். திருத்தங்களோடு அடுத்த எண்ணில் புதிய ஆவணம் வரும். இணையத்தின் விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாயின. தொலைவில் உள்ள கணினியின் தனி வழக்கங்களைப் பயனர் கற்றுக்கொள்ளத் தேவையில்லாமல் அங்குள்ள கோப்பைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதே பூஷண் முன்வைத்த கருத்தின் மையம். இரண்டு கணினிகளும் தத்தம் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். நடுவில் பேசும் மொழி மட்டும் பொதுவாக இருந்தால் போதும்.

1972 சூலையில் வந்த ஆர்எஃப்சி 354 இந்த நெறிமுறையின் நிலையான வடிவத்தைக் காட்டியது. கட்டளைகள் ஓர் இணைப்பிலும் கோப்பு இன்னோர் இணைப்பிலும் செல்லும் என்ற பிரிவினை அதில் உண்டு. கட்டளைக்கு வழங்கி தரும் மறுமொழி மூன்று இலக்க எண்ணாக வரும். 230 என்றால் உள்ளே நுழைந்தாயிற்று. 530 என்றால் நுழைவு கிடைக்கவில்லை. 550 என்றால் கேட்ட கோப்பு கிடைக்கவில்லை அல்லது தொட அனுமதி இல்லை. மின்னஞ்சல் நெறிமுறையும் வலை நெறிமுறையும் பின்னர் இதே எண் வழக்கத்தைப் பின்பற்றின. இன்று சிறுவர்கள் கூட அறிந்த 404 என்ற எண்ணுக்கு இப்படி ஒரு மூதாதை உண்டு.

சொல்லிச் செல்ல வேண்டிய இன்னொரு செய்தி: மின்னஞ்சலும் தொடக்கத்தில் எஃப்டிபி வழியாகவே போனது. கடிதத்தை ஒரு கோப்பாகக் கருதி, பெறுபவரின் பெட்டியில் சேர்க்கும் கட்டளைகள் இதில் இருந்தன. தனி மின்னஞ்சல் நெறிமுறை 1980களில்தான் நிலைபெற்றது.

1980 ஆம் ஆண்டு இந்நெறிமுறை புதிய இணைய அடித்தளத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் ஆகியோர் எழுதிய ஆர்எஃப்சி 959 வெளிவந்தது. அடிப்படையில் இன்றுவரை நடப்பில் உள்ள விதி அதுவே. பயனர் பெயரைக் கேட்கும் கட்டளையும் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டளையும் அதில் உள்ளன. இரண்டும் எந்த மறைப்பும் இல்லாமல், அஞ்சலட்டையில் எழுதியது போல, வெளிப்படையாகச் செல்லும். வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களாக இருந்த காலத்து வழக்கம் இது. அதைக் குறை என்று அன்றைக்கு யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

பெயரில்லாமல் நுழைதல்

எஃப்டிபி வழங்கிகளில் பொதுமக்களுக்கென ஒரு திறந்த கணக்கு வைக்கும் வழக்கம் பரவியது. 'பெயரிலி' என்று பொருள்படும் சொல்லைப் பயனர் பெயராகக் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். கடவுச்சொல்லாகத் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது மரியாதை. பல்கலைக்கழகங்கள் இப்படித் திறந்து வைத்த களஞ்சியங்களில் மென்பொருள், படம், கட்டுரை எல்லாம் குவிந்தன. எந்தக் கோப்பு எந்த ஊர் வழங்கியில் உள்ளது என்று தேடுவதற்காக, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் 1990 ஆம் ஆண்டு ஆர்ச்சி என்ற கருவியை உருவாக்கினார். இணையத்தின் முதல் தேடுபொறி என்று அது குறிப்பிடப்படுகிறது.

இந்தக் காலத்தில் வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதத் தலைப்பட்டிருந்தார்கள். அன்று ஒருங்குறி வழக்கில் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரையை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குறிகளும் புள்ளிகளுமே தெரியும். ஆகவே உரையோடு எழுத்துருவும் சேர்ந்து பயணம் செய்ய வேண்டியிருந்தது. இலவச எழுத்துருக்கள் களஞ்சியங்களிலிருந்து இறக்கப்பட்டும் மின்னஞ்சலில் இணைக்கப்பட்டும் கைமாறின.

இங்கே எஃப்டிபியின் ஒரு நுணுக்கம் பலரைத் தடுக்கி விழ வைத்தது. அதில் உரை முறை, இரும முறை என இரண்டு வகை அனுப்புதல் உண்டு. உரை முறையில் அனுப்பினால், வரி முடியும் இடத்தைக் குறிக்கும் எழுத்துகளை நெறிமுறை தானாக மாற்றிவிடும். ஏனெனில் விண்டோசு, யூனிக்சு, பழைய மெக்கின்டோசு ஆகியவை வரி முடிவை வெவ்வேறு விதமாகக் குறித்தன. எழுத்துருக் கோப்பையோ படத்தையோ அந்த முறையில் கொண்டுவந்தால், வரி முடிவு போலத் தோற்றமளிக்கும் பைட்டுகள் எல்லாம் மாறி, கோப்பு பாழாகும். மணிக்கணக்கில் தொலைபேசி இணைப்பில் காத்திருந்து இறக்கிய எழுத்துரு திறக்காமல் போனதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

1998 ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி இலவசமாக வழங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, கோப்புகளாக அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் தரம் வகுக்க முயன்றது. அதே 1999 இல், கோப்புப் பெயர்களை ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் அனுப்ப வழிசெய்யும் ஆர்எஃப்சி 2640 வந்தது. விதி வந்துவிட்டது என்றாலும் நடைமுறை மாறவில்லை. பொருளின் படத்துக்குத் தமிழில் பெயரிட்டு எஃப்டிபி மூலம் ஏற்றினால் பல வழங்கிகளில் அது நெடுநாள் வரை கேள்விக்குறிகளாகவே நின்றது. படத்துக்குப் 'புளி' என்று பெயர் வைக்காமல் ஆங்கில எழுத்தில் வைக்கும் பழக்கம் இன்றும் தொடர்வதற்கு இது ஒரு காரணம்.

கடைகள் வருகின்றன

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. சென்னையும் முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களுள் ஒன்று. இணைய வணிகத்துக்குச் சட்டப்படி இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆம் ஆண்டு வந்தது.

அதே 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் செருமனியின் ஹரால்ட் போன்சே டி லியோன் தொடங்கிய திட்டம் ஓஎஸ்காமர்ஸ் என்ற பெயரில் பரவியது. இணையக் கடை நடத்தத் தேவையான நிரல்கள் முழுவதையும் இலவசமாக, திறந்த மூலமாகத் தந்த முன்னோடிகளுள் இது ஒன்று. அதுவரை இணையக் கடை என்பது பெரிய நிறுவனங்களுக்கு உரியது. இப்போது மலிவான வழங்கி வாடகையும், ஓர் எஃப்டிபி மென்பொருளும், பொறுமையும் இருந்தால் யாரும் திறக்கலாம் என்ற நிலை வந்தது. எஃப்டிபி மென்பொருளுக்கும் பஞ்சமில்லை. 2001 ஆம் ஆண்டு செருமனியில் டிம் கோசே என்ற மாணவர் வகுப்புத் திட்டமாகத் தொடங்கிய ஃபைல்சில்லா இலவசமாகக் கிடைத்தது. இடப்பக்கம் தன் கணினியின் அடைவுகள், வலப்பக்கம் வழங்கியின் அடைவுகள். இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டால் கோப்பு போய்ச் சேரும். அந்த இரு பாகத் திரை ஒரு தலைமுறை வலை வடிவமைப்பாளர்களின் கண்ணில் பதிந்த காட்சி.

ஓஎஸ்காமர்ஸின் பழைய பதிப்புகளில் கடையின் முகப்பும் கணக்கும் ஒரே கோப்பில் பின்னிக்கிடந்தன. புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், அதை எழுதியவர் ஒரு சுருக்கக் கோப்போடு அறிவுறுத்தல் தாளும் தருவார். இந்தக் கோப்பைத் திற. இந்த வரியைத் தேடு. அதன் கீழே இதை ஒட்டு. இப்படி இருபது முப்பது இடங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கடை முழுவதும் நின்றுவிடும். மேலும், மூல நிரலின் புதிய பதிப்பு வரும்போது கையால் செய்த திருத்தமெல்லாம் அழிந்துபோகும்.

இந்தத் துன்பத்திலிருந்துதான் தோற்றக்கரு என்னும் தீம் தனியாகவும், நீட்சி தனியாகவும் பிரிந்தன. ஓஎஸ்காமர்ஸிலிருந்து 2003 இல் கிளைத்த சென் கார்ட், முகப்புக் கோப்புகளைத் தனி அடைவில் வைத்து மூலத்தை மேலெழுதும் முறையைக் கொண்டுவந்தது. 2007 இல் பாரிசில் பிரெஸ்டாஷாப், 2008 மார்ச்சில் மஜென்டோவின் முதல் முழுப் பதிப்பு, 2011 இல் வேர்ட்பிரசின் மீது கட்டப்பட்ட வூகாமர்ஸ் எனத் தொடர்ந்து வந்தவை இந்தப் பிரிவினையை வளர்த்தன. கட்டடம் ஒன்று, அதன் சுவர்ப்பூச்சும் பெயர்ப்பலகையும் தீம், பிறகு வாங்கி மாட்டும் அலமாரியும் தராசும் நீட்சி. தீமுக்கென்றே செய்யப்பட்ட நீட்சிகளும் உண்டு. நகரும் படவரிசை, பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, தமிழ் எழுத்துரு இணைப்பு போன்றவை அந்த வகை.

கையால் ஏற்றும் முறை

வேர்ட்பிரசில் 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பிலிருந்து நீட்சிகளை நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிறுவ முடிந்தது. அப்படியிருந்தும் கையால் ஏற்ற வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. காரணம் எளியது. வழங்கியில் ஓடும் பிஎச்பி மொழி, உலாவி வழியாக ஏற்றும் கோப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பு 2 மெகாபைட். சந்தையில் விலைக்கு வாங்கிய தீம், மாதிரிப் படங்களோடு அதைப் போலப் பத்து மடங்கு இருக்கும். நிர்வாகப் பக்கம் வரம்பைக் காட்டிக் கையை விரித்துவிடும். எஃப்டிபிக்கு அந்த வரம்பு இல்லை.

முதல் வேலை, இருப்பதை நகலெடுத்து வைப்பது. கடையின் கோப்புகளையும், பொருள்களும் ஆர்டர்களும் பதிந்துள்ள தரவுத்தளத்தையும் தனித்தனியே இறக்கி வைக்க வேண்டும். எஃப்டிபி தருவது கோப்புகளை மட்டுமே. தரவுத்தளம் அதில் வராது. கோப்புகளை இறக்கிவிட்டுக் கடை முழுவதையும் காப்பாற்றிவிட்டதாக நம்பி, பின்னர் ஆர்டர் விவரங்களை இழந்தவர்கள் உண்டு.

அடுத்து, சுருக்கக் கோப்பைத் தன் கணினியில் விரிக்க வேண்டும். விலைக்கு வாங்கும் தொகுப்புகளில் தீம், அதன் நீட்சி, கையேடு, உரிமத் தாள் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே இன்னொரு சுருக்கக் கோப்பு இருக்கும். பார்க்காமல் வெளிக்கட்டை அப்படியே ஏற்றினால், அடைவுக்குள் அதே பெயரில் ஓர் அடைவு என்று ஒரு படி ஆழத்தில் போய் உட்காரும். கடை அதைக் கண்டுகொள்ளாது. வேர்ட்பிரசில் தீமுக்கும் நீட்சிக்கும் தனித்தனி அடைவுகள். பிரெஸ்டாஷாப்பிலும் அப்படியே. மஜென்டோவின் முதல் பதிப்பில் கதை வேறு: ஒரே நீட்சியின் கோப்புகள் நிரல் அடைவு, வடிவமைப்பு அடைவு, மொழி அடைவு எனப் பல இடங்களில் பிரிந்து சென்று சேர வேண்டும். ஆகவே உள்ளிருக்கும் அடைவுகளைக் கடையின் வேர் அடைவின் மேல் பொருத்தி, இருப்பதோடு கலக்குமாறு ஏற்றினார்கள். சில இயங்குதளங்களில் அடைவைக் கலக்காமல் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும் வழக்கம் இருந்ததால், கடையின் பாதி ஒரே இழுப்பில் மறைந்த அனுபவமும் நேர்ந்தது.

பிறகு இணைப்பு. வழங்கியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், கதவு எண் 21. பலருக்கு இங்கே ஒரு புதிர் எழும். இணைப்புக் கிடைத்துவிட்டது என்று செய்தி வரும். அடைவுப் பட்டியல் மட்டும் வராது. எஃப்டிபியின் பழைய முறையில் கோப்புக்கான இரண்டாவது இணைப்பை வழங்கிதான் பயனரின் கணினிக்குத் திருப்பி அழைக்கும். பயனரின் கணினியோ வீட்டு மோடத்துக்கும் தீச்சுவருக்கும் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே நுழையாது. இதனால் இரண்டு இணைப்பையும் பயனரே தொடங்கும் செயலற்ற முறையைப் பயன்படுத்துமாறு 1994 இல் ஸ்டீவ் பெல்லோவின் எழுதிய ஆர்எஃப்சி 1579 பரிந்துரைத்தது. மென்பொருளில் ஒரு தெரிவை மாற்றினால் தீரும் சிக்கல்தான். தெரியாதவர்கள் அதற்காக ஒரு நாளை இழந்தார்கள்.

ஒரு தீமில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் இணைப்புத் திறந்து மூட வேண்டியிருப்பதால், மொத்த அளவு சிறிதானாலும் நேரம் நீளும். நடுவில் மின்சாரம் போனால் சில கோப்புகள் பாதி அளவில் நிற்கும். தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு கடுமையாக இருந்ததை நினைத்தால், ஊர்ப்புறத்தில் இந்த வேலை எவ்வளவு பதற்றம் தந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஏற்றி முடித்த பின் இருபக்கக் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால்தான் கட்டாயமானது.

விண்டோசு கணினி கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். வழங்கியில் இருக்கும் லினக்சு இரண்டையும் வேறாகக் கொள்ளும். வீட்டுக் கணினியில் சோதித்தபோது தெரிந்த படம் கடையில் தெரியாமல் போவது இதனால். அனுமதி எண்களும் உண்டு. அடைவுக்கு 755, கோப்புக்கு 644 என்பது பொதுவான அளவு. எதுவும் ஓடவில்லையே என்ற எரிச்சலில் 777 என்று மாற்றுவோர் இருந்தார்கள். அந்த எண்ணுக்குப் பொருள், அதே வழங்கியில் இருக்கும் யாரும் இங்கே எழுதலாம் என்பது. பகிர்ந்த வழங்கியில் அது வீட்டுத் திண்ணையில் பணப்பெட்டியை வைப்பதற்குச் சமம்.

தமிழில் கடை வைத்தவர்களுக்கென்றே ஒரு தொல்லை தனியாக இருந்தது. ஓப்பன்கார்ட் போன்ற கடை மென்பொருள்களின் மொழிக்கோப்புகள் பிஎச்பி நிரல்களாகவே எழுதப்பட்டவை. 'கூடையில் சேர்', 'விலை', 'முகவரி' என்று மொழிபெயர்த்து, விண்டோசின் நோட்பேடில் ஒருங்குறியாகச் சேமித்து ஏற்றினால் கடை வெள்ளைத் திரையாகும், அல்லது தலைப்புத் தகவல் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது என்ற பிழை வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது. உண்மையில் நோட்பேடு, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்திருக்கும். பைட் வரிசைக் குறி என்று அதற்குப் பெயர். நிரல் பேசத் தொடங்குவதற்கு முன்பே அந்த மூன்று பைட்டுகள் உலாவிக்குப் போய்விடும். ஆங்கிலத்தை மட்டும் எழுதியவர் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றத் தேவையே இல்லை என்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. 2019 இல் வந்த விண்டோசு 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேடு இந்தக் குறியைத் தானாகச் சேர்ப்பதை நிறுத்தியது.

கடை வெள்ளையாகிவிட்டால் நிர்வாகப் பக்கமும் திறக்காது. அப்போதும் எஃப்டிபியே கைகொடுத்தது. உள்ளே போய், புதிதாக வைத்த நீட்சியின் அடைவுப் பெயரை மாற்றினால் போதும். அதைத் தேடிக் காணாத கடை, அது இல்லாமலே எழுந்துவிடும். கெட்டது எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாக அதைச் செயலிழக்கச் செய்ய முடிந்தது. இந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொண்ட நாள் பல கடைக்காரர்களுக்கு அச்சம் தெளிந்த நாள்.

முகப்பில் செய்யும் சிறு மாற்றங்களைத் தீமின் கோப்பிலேயே எழுதினால், அடுத்த பதிப்பை ஏற்றும்போது அவை அழியும். பழைய ஓஎஸ்காமர்ஸ் துன்பம் வேறு உருவில் திரும்பியது. இதற்காக வேர்ட்பிரசில் சேய்த் தீம் என்ற முறை வந்தது. தாய்த் தீமைத் தொடாமல், மாற்றிய கோப்புகளை மட்டும் தனி அடைவில் வைப்பது அது.

சாவி கைமாறியது

கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்லும் ஆபத்து 1990களிலேயே உணரப்பட்டது. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கிருந்த டாட்டு யுலோனென் அதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பை எழுதினார். தமக்கு 22 ஆம் கதவு எண் வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். எஃப்டிபியின் 21, டெல்நெட்டின் 23 ஆகியவற்றுக்கு நடுவில் அது காலியாக இருந்தது. அந்த இணைப்பின் மேல் கோப்பு அனுப்பும் முறையே எஸ்எஃப்டிபி. பெயர் ஒத்திருந்தாலும் இது பூஷணின் நெறிமுறையிலிருந்து வளர்ந்தது அன்று, வேறொன்று. பழைய எஃப்டிபிக்கே மறையாக்கம் சேர்க்கும் விதியும் 2005 இல் ஆர்எஃப்சி 4217 ஆக வந்தது. ஆனால் மலிவு வழங்கிகள் பழைய 21 ஆம் கதவையே நெடுங்காலம் திறந்து வைத்திருந்தன.

2009 இல் கம்ப்ளர் என்ற தீநிரல் பரவியது. அது முதலில் வீட்டுக் கணினிகளில் தொற்றி, அங்கிருந்த எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடியது. பிறகு அந்தச் சாவியைக் கொண்டே அவரவர் தளங்களில் நுழைந்து தன்னை எழுதிவைத்தது. அத்தளத்துக்கு வந்தவர்களின் கணினிகளும் அடுத்து தொற்றின. பூட்டை யாரும் உடைக்கவில்லை. வழங்கியின் பார்வையில் உள்ளே வந்தவர் கடைக்காரரே.

2014 டிசம்பரில் நடந்தது தீமோடு வந்த நீட்சியின் ஆபத்தைக் காட்டியது. படவரிசை காட்டும் ஸ்லைடர் ரெவலூஷன் என்ற நீட்சியில் இருந்த ஓட்டை வழியாக ஏறத்தாழ ஒரு லட்சம் வேர்ட்பிரசு தளங்கள் தாக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. ஓட்டை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நீட்சியைப் பலர் தனியாக வாங்கவில்லை. வாங்கிய தீமுக்குள் கட்டி வந்ததை ஏற்றியிருந்தார்கள். அவர்களுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பு நேரே வரவில்லை. தம் கடையில் அப்படி ஒரு நீட்சி இருப்பதே பலருக்குத் தெரியாது. விலை கொடுக்காமல் கிடைக்கும் திருட்டுத் தீம்களில் தீநிரல் ஒளித்து வைக்கப்படுவதும் இதே காலத்தில் பெருகியது. 2020 சூன் 30 அன்று மஜென்டோவின் முதல் பதிப்புக்கு ஆதரவு நின்றது. செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் கடைகளில் அட்டை எண்களைத் திருடும் நிரல் நுழைக்கப்பட்டது.

இந்தத் தாக்குதல்கள் செய்தியில் வந்தன. செய்தியில் வராத இழப்பு ஒன்று சிற்றூர்க் கடைகளில் நேர்ந்தது. கடையை அமைத்துத் தந்தவர் வேறு ஊரில் இருக்கும் வடிவமைப்பாளர். தளப்பெயர் அவர் பெயரில். வழங்கிக் கணக்கு அவர் மின்னஞ்சலில். எஃப்டிபி கடவுச்சொல் அவரிடம் மட்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால், அல்லது பணத் தகராறு வந்தால், கம்பைநல்லூர்க் கடைக்காரரிடம் எஞ்சுவது நிர்வாகப் பக்கத்தின் சாவி ஒன்றுதான். விலையை மாற்றலாம், கடையை நகலெடுத்து வேறு வழங்கிக்குக் கொண்டுபோக முடியாது. மென்பொருள் இலவசம், திறந்த மூலம், உரிமை முழுவதும் பயனருக்கே என்று உரிமத் தாளில் எழுதியிருந்தும் பயனில்லை. கடை அமைக்கும்போதே தளப்பெயர், வழங்கி, எஃப்டிபி, தரவுத்தளம் ஆகிய நான்கின் கடவுச்சொற்களையும் எழுதி வாங்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

மூடப்படும் கதவுகள்

2006 இல் கனடாவில் தொடங்கிய ஷாப்பிஃபை எஃப்டிபியையே தராத வழியைத் தேர்ந்தது. அங்கே மாதக் கட்டணம் செலுத்தினால் வழங்கியும் பாதுகாப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. தீமை உலாவியிலிருந்தே மாற்றலாம். கடைக்காரருக்கு இரவுத் தூக்கம் கெடாது என்பது உண்மை. கட்டணம் நின்றால் கடையும் நின்றுவிடும் என்பதும் உண்மை. எது மேல் என்பது கடையின் அளவையும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதையும் பொறுத்தது.

பொதுக் களஞ்சியங்களும் ஒவ்வொன்றாக எஃப்டிபியைக் கைவிட்டன. லினக்சு கருவின் களஞ்சியமும் டெபியன் திட்டமும் 2017 இல் தம் பொது எஃப்டிபி சேவைகளை மூடின. ஃபயர்பாக்சு உலாவி 2021 சூலையிலும் குரோம் அதே ஆண்டு அக்டோபரிலும் எஃப்டிபி ஆதரவை முற்றாக நீக்கின. முதல் வரைவு வந்து அப்போது சரியாக ஐம்பது ஆண்டுகள். பூஷண் பிற்காலத்தில் செராக்சு நிறுவனத்தில் பணியாற்றி, அங்கு சுற்றுச்சூழல் சார்ந்த பணிகளில் ஈடுபட்டார்.

ஆயினும் வேர்ட்பிரசு நிறுவிய ஒரு கடையில், நீட்சியை எழுதிவைக்க வழங்கி அனுமதி தராதபோது, இன்றும் நிர்வாகப் பக்கத்தில் ஒரு சிறு படிவம் எழும். வழங்கியின் முகவரி, எஃப்டிபி பயனர் பெயர், கடவுச்சொல் என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும்.